லெப்பர்ட் கெக்கோவுக்குச் சூடும் வெளிச்சமும்: எதை வாங்குவது, எதைத் தவிர்ப்பது

லெப்பர்ட் கெக்கோ என்ற வளர்ப்புப் பல்லிக்குத் தொட்டி அமைக்கும்போது எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி "எத்தனை வாட் பல்ப் போடணும்?" என்பதுதான். வாட் கணக்கை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. தொட்டி எவ்வளவு உயரம், அறை எவ்வளவு குளிர், மூடியில் எந்த வலை என்பதைப் பொறுத்து ஒரே 50 வாட் பல்ப் ஒரு வீட்டில் போதாமல் போகும், இன்னொரு வீட்டில் கல்லைப் பொசுக்கும். பார்க்க வேண்டியது பல்லி வயிற்றை வைத்துப் படுக்கும் இடத்தின் தரை எத்தனை டிகிரி என்பதைத்தான்.

விளக்குக்கு நேர் கீழே உள்ள கல்லின் மேற்பரப்பு 34 முதல் 36 டிகிரி செல்சியஸ். சூடான பக்கத்து மறைவிடத்தின் தரை 31 முதல் 33. எதிர்க்கோடி 22 முதல் 25. மூன்றும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும். பல்லி தன் உடம்பின் சூட்டை இடம் மாறித்தான் கூட்டிக் குறைத்துக்கொள்கிறது. தொட்டி முழுக்க 30 டிகிரி இருந்தால் அதற்குப் போக இடமில்லை. 90 சென்டிமீட்டர் நீளத்துக்குக் குறைந்த தொட்டியில் இந்த வித்தியாசத்தைக் கொண்டுவருவது பெரும்பாடு. சூடு போதாவிட்டால் முதலில் கெடுவது செரிமானம்: தின்ற பூச்சியைக் கக்கும், எச்சத்தில் பூச்சி அரையும் குறையுமாகக் கிடக்கும், பிறகு தீனியையே தொடாது.

ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா என இவை வாழும் வறண்ட பாறை நிலங்களில் வெயில் மேலிருந்து விழுந்து கல்லைச் சுட வைக்கிறது. பல்லி பகலில் அந்தக் கல்லின் இடுக்கில் கிடந்து, அந்தி மயங்கும்போது வெளியே வருகிறது. அதனால் மேலிருந்து சூடு தரும் ஹாலோஜன் பல்பைத்தான் முதல் தேர்வாகச் சொல்வேன். 'இதற்கு வயிற்றுச் சூடுதான் வேண்டும், மேல் விளக்கு உதவாது' என்று நெடுங்காலமாகச் சொல்லி வந்தார்கள். ஆனால் ஹாலோஜனின் அகச்சிவப்புக் கதிர் தோலைத் தாண்டித் தசைவரை இறங்கும். அதற்குக் கீழே தட்டையான கடப்பைக் கல்லோ ஸ்லேட் கல்லோ போட்டால் அது சூட்டை வாங்கி வைத்திருந்து, விளக்கு அணைந்த பிறகும் வயிற்றுக்குத் தரும். பல்புக்கும் கல்லுக்கும் இடையில் 25 சென்டிமீட்டராவது விடுங்கள்.

தொட்டிக்கு அடியில் வைக்கும் மின்சாரச் சூட்டு விரிப்பான ஹீட் மேட் தவறான பொருள் அல்ல. சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாத ஹீட் மேட்தான் தவறு. கட்டுப்பாடில்லாமல் ஓடும் மேட்டுக்கு மேலே கண்ணாடி 45 டிகிரியைத் தாண்டக்கூடும். மற்ற இடமெல்லாம் குளிர்ந்திருந்தால் பல்லி சுடுகிற இடத்தை விட்டு நகராமல் அங்கேயே கிடக்கும். வயிற்றுத் தோல் மெல்ல மெல்ல வெந்து, சிவந்து, கொப்புளமாகும்போதுதான் நமக்கே தெரியும். மேட் தரையின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. அதன் மேல் மண்ணைக் கனமாகக் கொட்டினால் சூடு மேலே வராமல் அடியிலேயே தேங்கும், கண்ணாடி விரிசல் விடும். அந்தப் பக்கத்தில் மட்டும் டைல் அல்லது பேப்பர் டவல் போதும். தொட்டிக்கு அடியில் சிறு கால்கள் வைத்துக் காற்றுப் போக இடம் விடுங்கள்.

ஹீட் ராக் என்று விற்கும் மின்சாரக் கல்லை வாங்கவே வேண்டாம். உள்ளே சூடு சீராகப் பரவாது; ஒரு புள்ளி மட்டும் கொதிக்கும்.

இனி தெர்மோஸ்டாட். பணத்தில் கை வைக்கக் கூடாத இடம் இதுதான். ஹீட் மேட்டுக்கு ஆன்-ஆஃப் வகை போதும். ஹாலோஜனுக்கும், வெளிச்சமில்லாமல் அகச்சிவப்புச் சூடு தரும் டீப் ஹீட் புரொஜெக்டருக்கும் மின்சாரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டிக் குறைக்கும் டிம்மிங் வகை வேண்டும். ஆன்-ஆஃப் வகையில் மாட்டினால் விளக்கு மணிக்குப் பலமுறை எரிந்து அணைந்து பல்லியை மிரட்டும், பல்பும் சீக்கிரம் போகும். வெளிச்சமில்லாமல் சூடு தரும் செராமிக் ஹீட்டருக்கு, மின்சாரத்தைச் சிறு சிறு துடிப்புகளாகத் தரும் பல்ஸ் வகை நன்றாகப் பொருந்தும்.

நல்ல தெர்மோஸ்டாட் வாங்கியும் விபத்து நடக்கிறதென்றால் பெரும்பாலும் காரணம் அதன் சென்சார். ரப்பர் உறிஞ்சியால் கண்ணாடியில் ஒட்டிய சென்சார் சூட்டில் இளகிக் கழன்று குளிர்ந்த பக்கம் விழும். தெர்மோஸ்டாட்டைப் பொறுத்தவரை தொட்டி இன்னும் குளிராகத்தான் இருக்கிறது. அது ஹீட்டரை முழு வீச்சில் ஓட்டிக்கொண்டே இருக்கும். ஆகவே மேல் விளக்கென்றால் சென்சாரைக் கல்லின் மேலேயே கேபிள் டையால் இறுகக் கட்டுங்கள். மேட் என்றால் மேட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் வையுங்கள். அங்கே பல்லி இழுக்கவோ நனைக்கவோ முடியாது. ஆனால் உள்ளே தரை சில டிகிரி குறைவாக இருக்கும், எனவே திருகில் காட்டும் எண்ணை நம்பாமல் உள்ளே அளந்து சரிசெய்யுங்கள். அளக்க, தெர்மோஸ்டாட்டோடு சேராத தனி டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்றும், தரையைச் சுட்டிப் பார்க்க இன்ஃப்ராரெட் கன் ஒன்றும் தேவை. கண்ணாடியில் ஒட்டும் வட்ட முள் மீட்டர் காட்டுவது சுவரோரக் காற்றின் சூட்டை. அதையும் சரியாகக் காட்டாது. பல்லியைக் கொண்டுவருவதற்கு முன் தொட்டியை இரண்டு மூன்று நாள் ஓடவிட்டு, காலை, நடுப்பகல், இரவு என்று அளந்து பாருங்கள்.

இரவில் அறை 18 டிகிரிக்குக் கீழே போகாதென்றால் நல்ல உடல்நிலையில் உள்ள வளர்ந்த பல்லிக்கு ஹீட்டரே வேண்டாம். இரவுக் குளிர்ச்சி அதற்கு இயல்பானது. போகுமென்றால் வெளிச்சம் தராத செராமிக் ஹீட்டரையோ டீப் ஹீட் புரொஜெக்டரையோ போடுங்கள். செராமிக் ஹீட்டரைப் பீங்கான் ஹோல்டரில் மட்டுமே மாட்ட வேண்டும். பிளாஸ்டிக் ஹோல்டர் உருகும், தீப்பிடிக்கும். கிளிப் போட்டு மாட்டும் விளக்குகள் நழுவித் திரைச்சீலை மேல் விழக்கூடும்; மேலிருந்து கம்பியில் தொங்கவிடுவதே பாதுகாப்பு. வயர் பிளக்குக்குள் போகும் முன் ஒரு வளைவு கீழே தொங்கட்டும். தண்ணீர் வழிந்தாலும் பிளக்கைத் தொடாமல் அங்கேயே சொட்டிவிடும்.

'இரவு பல்ப்' என்று விற்கும் சிவப்பு, நீல பல்புகளை விட்டுவிடுங்கள். மங்கிய ஒளியிலும் நிறம் பார்க்கும் கண் கெக்கோக்களுக்கு உண்டு. இரவு என்றால் இருட்டாக இருக்க வேண்டும். பகல் வெளிச்சம் கோடையில் 14 மணி நேரம், குளிர்காலத்தில் 10 முதல் 12 மணி நேரம். டைமர் போட்டால் மறதிக்கு இடமில்லை.

யூவிபி என்ற புற ஊதாக் கதிர் இல்லாமலும், வைட்டமின் டி3 கலந்த கால்சியம் தூளைக் கொண்டு வளர்க்கலாம். ஆனாலும் மிதமான யூவிபி தருவதே நல்லது என்பது என் கருத்து. அந்த ஒளியில் தேவையான டி3-ஐப் பல்லியே உண்டாக்கிக்கொள்ளும். பல்லியின் முதுகு உயரத்தில் யூவி இன்டெக்ஸ் (புற ஊதாக் கதிரின் வலிமையைக் காட்டும் எண்) 0.5 முதல் 1 வரை போதும். பாலைவனப் பல்லிகளுக்கான 10, 12 சதவீத யூவிபி ட்யூப் இந்தச் சிறு தொட்டிக்கு மிஞ்சியது. 5 முதல் 7 சதவீத ட்யூபைத் தேர்ந்தெடுத்து, தொட்டி நீளத்தில் பாதியளவுக்கு, ஹாலோஜன் இருக்கும் பக்கமாகவே வையுங்கள். மறுபாதி நிழலாக இருக்கட்டும். கண்ணாடி மூடி யூவிபியைத் தடுத்துவிடும். வலையும் நெருக்கமாக இருந்தால் மூன்றில் ஒரு பங்கை விழுங்கும், அதையும் சேர்த்தே உயரத்தைக் கணக்கிட வேண்டும். ட்ரெம்பர், பெல், ரெயின்வாட்டர் போன்ற அல்பினோ வகைகளுக்கு ஒளி கூசும். அவற்றுக்கு இன்னும் குறைந்த இன்டெக்ஸ், கூடுதல் மறைவிடங்கள். கண்ணை மூடிக்கொண்டே வெளியே வருகிறதா என்று கவனியுங்கள், வந்தால் ட்யூபை உயர்த்துங்கள்.

யூவிபி இருக்கிறதென்று கால்சியம் தூளை நிறுத்திவிடாதீர்கள், டி3 கலந்த தூளின் முறையை மட்டும் குறையுங்கள். ட்யூப் கண்ணுக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும், ஆனால் உள்ளே யூவிபி தேய்ந்துகொண்டு வரும். மெல்லிய டி5 (T5) வகை ட்யூப் என்றால் ஆண்டுக்கு ஒருமுறை, தடித்த டி8 (T8) வகை என்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். மாட்டிய தேதியை ட்யூபின் முனையில் மார்க்கரால் எழுதிவைத்தால் கணக்கு தப்பாது.