காசு குடுத்து கருவை வாங்கின கதை

"உங்க வீட்டு முன்பக்கத்துக்கு இதுதான் சரி, தண்ணி கம்மியா போதும், நிழல் நல்லா வரும், இந்த மண்ணுக்கே உரிய மரம்"னு நர்சரிக்காரர் ஒரு தொட்டிச் செடியை இழுத்து முன்னால வச்சார். இலையைப் பாத்ததுமே எனக்கு உள்ளங்கால் கூசிருச்சு. நம்ம சீமைக்கருவை! நான் முதுகுளத்தூர் பக்கத்துக்காரன், கால்ல முள்ளு எடுக்கவே தனியா ஒரு ஊக்கு வச்சிருந்த வீட்டுப் பிள்ளை, என்கிட்ட போய் கருவைக்கு விலைச்சீட்டு தொங்கவிட்டு நிழல்மரம்னு விக்கிறாங்கன்னா என்னத்த சொல்ல.

முன்கதை சுருக்கமா. அமெரிக்காவுல, அரிசோனா மாநிலத்துல, ஃபீனிக்ஸ் பக்கத்துல இருக்குற சேண்ட்லர்ல வீடு வாங்கினோம், முன்னாடி பச்சைப்பசேல்னு புல்தரை. பெர்முடா கிராஸ்னு சொன்னாங்க, குனிஞ்சு பாத்தா நம்ம அருகம்புல்லு. பிள்ளையாருக்கு ரெண்டு கொத்து போதும், இங்க அதுக்கு ஸ்பிரிங்க்ளர் வச்சு குடிதண்ணியைப் பீய்ச்சுறாங்க. மழை வருஷத்துக்கு சராசரி 180 மில்லிமீட்டர் சொச்சம்தான். நம்ம ராம்நாட்டையே தண்ணியில்லாக் காடுன்னு சொல்றோம், அங்கயே 800க்கு மேல பெய்யும். கொலராடோ ஆத்துல தண்ணி பத்தலைன்னு 2021ல முதல் தடவையா அதிகாரபூர்வமா பற்றாக்குறை அறிவிச்சாங்க, அதுல பெரிய அடி அரிசோனாவுக்குத்தான். இதெல்லாம் பாத்துத்தான் புல்லை எடுத்துட்டு ஜல்லி கொட்டினோம்னு வெளிய சொல்லிக்கிறேன், உண்மையில தண்ணி பில்லுதான் காரணம். தோண்டுனதுல ஒரு கட்டு புல்லை மாரிகோப்பா கணபதி கோயில்ல குடுத்துட்டு கன்னத்துல போட்டுக்கிட்டேன்.

சரி, கருவைக்கு வர்றேன். இங்க அதுக்கு மெஸ்கீட்னு பேரு. விசாரிச்சா அதுவும் நம்ம ஊர்க் கருவையும் ஒண்ணு இல்லையாம், பங்காளிங்க. நம்மகிட்ட இருக்குறது ஜூலிஃப்ளோரா, மெக்சிகோவுல இருந்து தென் அமெரிக்கா வரைக்கும் அதுக்குச் சொந்த ஊர். இது வெல்வெட் மெஸ்கீட், இந்த சொனோரன் பாலைவனத்துலயே பொறந்தது. இங்க உள்ள ஓதாம் பழங்குடிகள் இதோட நெத்தை இடிச்சு மாவாக்கி சாப்பிட்டிருக்காங்க. நாங்க ஆட்டுக்கு உலுப்பிப் போட்டோம், ஆடு தின்னு புழுக்கையில கொட்டையைப் போட்டு ஊரையே காடாக்கிருச்சு.

அப்பாவுக்கு போன் போட்டேன். 2017ல மதுரை ஹைகோர்ட் கிளை உத்தரவு போட்டு ஊரெல்லாம் ஜேசிபி ஓடினப்ப கண்மாய்க்குள்ள முன்னால நின்னு பிடுங்க வச்ச மனுஷன் அவர். அடுத்த மழைக்கே பாதி திரும்ப முளைச்சது வேற கதை. "அங்கயுமாடா வந்துருச்சு?"ன்னார். இல்லப்பா, அதோட சொந்தபந்தம் எல்லாம் இங்கதான் இருக்குன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல, அப்புறம், "காசு குடுத்தா வாங்கப் போற?"

கூத்து அதோட முடியல. ஒருநாள் பக்கத்து வீட்டுப் பாட்டியம்மா கையுறை போட்டுக்கிட்டு எங்க ஜல்லிக்குள்ள இருந்து ஒரு புல்லை வேரோட பிடுங்கிட்டு இருந்தாங்க, அரக்கனைப் பாத்த மாதிரி முகம். பஃபல் கிராஸாம். மேய்ச்சலுக்குன்னு ஆப்பிரிக்காவுல இருந்து கொண்டு வந்து விதைச்சது, மலையெல்லாம் ஏறி, காஞ்சு, தீப்பிடிச்சு, கை ஒண்ணு முளைக்கவே அம்பது அறுபது வருஷத்துக்கு மேல எடுத்துக்கிற சாகுவாரோ கள்ளியை எரிச்சுத் தள்ளுது, 2005லயே களைன்னு சட்டம் போட்டுட்டாங்கன்னு மூச்சு விடாம சொன்னாங்க. கதிரை உருவிப் பாத்தேன். கொழுக்கட்டைப் புல்லு! மாட்டுக்கு எங்க அம்மா தேடித்தேடி அறுத்துட்டு வர்றது. நம்ம ஊர்லயும் தானா வளர்ற புல்லுதான்னு நான் அவங்ககிட்ட வாயே திறக்கல.

நல்ல செடி கெட்ட செடின்னு ஒண்ணும் கிடையாது, எந்த ஊர்ல நிக்குதுங்கறதுதான் கணக்குன்னு எனக்குப் புரிஞ்சது இப்பதான். ஆனாலும் கை வரல, மூணு வாரம் இழுத்தடிச்சேன். பாலோ வெர்டே வைக்கலாம்னு வீட்டம்மா சொன்னா, சித்திரையில சரக்கொன்றை மாதிரி மஞ்சளா கொட்டும், பட்டையே பச்சையா இருக்கும், அழகுதான். அப்புறம் ஒரு சனிக்கிழமை எதிர்வீட்ல கறி சுட்டாங்க, மெஸ்கீட் கரி. புகை வந்து மூக்குல ஏறினதும் எனக்கு இங்க இருக்குற நினைப்பே போயிருச்சு. தாத்தா கரிமூட்டம் போட்டு மண்ணை அப்பி ராத்திரியெல்லாம் காவல் இருப்பார், நான் தூக்குவாளியில கஞ்சி கொண்டு போவேன், அவர் துண்டுல அடிக்கிற அதே வாசம். வந்து ஆறு வருஷம் ஆச்சு, எல்லாம் பழகிருச்சுன்னு ஆபீஸ்ல சொல்லிட்டுத் திரியுறவன் வாசல்ல நின்னு கண்ணைத் துடைச்சேன், புகைன்னு சமாளிச்சாச்சு.

திங்கக்கிழமை மரத்தை வாங்கிட்டேன். ரெண்டடிக்குக் கீழ கலீச்சி, அதாங்க நம்ம சுக்கான் பாறை, கடப்பாரை ணங்குணங்குனு எகிறுது. தண்ணி அடிக்கடி விடாதீங்க, எப்பவாவது ஆழமா ஊறுற மாதிரி விடுங்க, சொட்டுநீர்க் குழாயை தண்டுகிட்ட வைக்காம மரம் பெருக்கப் பெருக்க தள்ளி வைங்க, இல்லேன்னா வேர் மேலயே நின்னு மான்சூன் காத்துக்கு சாஞ்சிரும்னு நர்சரியில சொன்னாங்க. நம்ம ஊர்ல இதை யாரும் தண்ணி ஊத்தி வளத்ததா எனக்கு ஞாபகம் இல்ல.

வீடியோ கால்ல அப்பாவுக்குக் காட்டினேன். போனைக் கண்ணுகிட்ட வச்சு உத்துப் பாத்தார்.

"ஆடு மாடு இருக்கா அங்க?"

"இல்லப்பா."

"அப்ப நெத்தை யாரு திங்கிறது?"

"கொயோட்டின்னு ஒண்ணு இருக்கு, நரி மாதிரி. ராத்திரி வரும்."

"அது போதும்டா, பரவிரும். பாத்துக்க."