நவம்பர் 9, ஜெர்மனி
ஜெர்மன்காரர்களுக்கு நவம்பர் 9 ஒரு விசித்திரமான நாள். 1918இல் அன்றுதான் கைசர் (பேரரசர்) ஆட்சி முடிந்து, பெர்லின் நாடாளுமன்ற ஜன்னலில் நின்று சமூக ஜனநாயகக் கட்சியின் ஷைடமான் குடியரசை அறிவித்தார், சில மணி நேரத்தில் தீவிர இடதுசாரியான லீப்க்னெக்ட் இன்னொரு இடத்தில் சோஷலிசக் குடியரசு என்று தனியாக ஒன்றை அறிவித்தார் (ஒரே நாளில் ரெண்டு குடியரசு!). 1923இல் ஹிட்லரின் மியூனிக் கலகம் தோற்றதும் இதே தேதி. 1938இல் யூதர்களின் கடைகளும் வழிபாட்டிடங்களும் நொறுக்கப்பட்ட இரவு, அதைப் பற்றி எழுதவே கை வரவில்லை.

அப்புறம் 1989. கிழக்கு ஜெர்மனியை ஆண்ட கம்யூனிஸ்ட் கட்சியின் தலைவர்களில் ஒருவரான ஷபோவ்ஸ்கி செய்தியாளர் கூட்டத்தில், மக்கள் மேற்கே போக அனுமதிக்கும் புதுப் பயண விதி எப்போதிலிருந்து என்று கேட்டதும் கையிலிருந்த தாளைப் புரட்டிவிட்டு, தனக்குத் தெரிந்தவரை உடனேதான் என்று சொல்லிவிட்டார். உண்மையில் அது மறுநாளுக்கானது. டிவியில் கேட்ட ஜனம் நகரை இரண்டாகப் பிரித்த பெர்லின் சுவரை நோக்கிக் கிளம்பிவிட்டது, போர்ன்ஹோல்மர் தெருச் சாவடியில் சமாளிக்க முடியாமல் காவலர்கள் கதவைத் திறந்தே விட்டார்கள்.

இவ்வளவு பெரிய சந்தோஷ நாளைத் தேசிய விடுமுறையாக்க முடியவில்லை, 1938 குறுக்கே நிற்கிறது. அதனால்தான் அங்கே, 1990இல் இரண்டு ஜெர்மனியும் ஒன்றான அக்டோபர் 3 லீவு.