அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்

சாலைப் பாதுகாப்புப் பணிகளுக்கு நிதி வழங்கும் ஓர் அறக்கட்டளையில் நான் திட்ட அலுவலராகச் சேர்ந்த முதல் ஆண்டில், என் மேசைக்கு வந்த விண்ணப்பங்களில் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை போலிருந்தன. தலைக்கவசப் பேரணி, பள்ளிகளில் ஓவியப் போட்டி, ஓட்டுநர்களுக்குக் கண் பரிசோதனை முகாம் என்று அவை திரும்பத் திரும்ப வந்தன. கண் முகாமை நான் குறை சொல்ல மாட்டேன். இருபது ஆண்டுகளாக இரவில் லாரி ஓட்டிய ஒருவர் அங்கேதான் முதன்முதலாகக் கண்ணாடி போட்டுக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். பேரணிகளைப் பற்றி அவ்வாறு சொல்ல இயலவில்லை. நாங்கள் வழங்கிய தலைக்கவசத்தைப் பெட்ரோல் டேங்கின் மேல் வைத்தபடியே வீடு திரும்பிய இளைஞர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

எங்களுக்கு வரும் பணத்தின் பெரும்பகுதி நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியாகும். 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டை இதற்கெனச் செலவிட வேண்டும் என்கிறது. சாலைப் பாதுகாப்பும் அதில் அடங்கும் என்று 2014 ஜூனில் வந்த சுற்றறிக்கை தெளிவுபடுத்தியது. மார்ச் மாதம் முடிவதற்குள் செலவுக் கணக்கையும் புகைப்படத்தையும் காட்டியாக வேண்டிய அவசரத்தில், பேரணியைவிட எளிதாகக் கைக்கு வருவது வேறொன்றுமில்லை.

இரண்டாம் ஆண்டில், மதுரை–திருச்சி நான்குவழிச் சாலையை ஒட்டிய ஒரு காவல் நிலையத்தில், முறைப்படி அனுமதி பெற்று, மூன்று ஆண்டுகளின் விபத்து வழக்குக் கட்டுகளைப் படிக்க உட்கார்ந்தேன். எல்லா முதல் தகவல் அறிக்கைகளிலும் ஒரே சொற்றொடர் இருந்தது: ‘அதிவேகமாகவும், அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து.’ நிலைய ரைட்டரிடம் கேட்டபோது, “அப்படி எழுதினாத்தான் சார் செக்‌ஷன் நிக்கும்” என்றார். அவர் சொன்னது சரிதான். அப்போதைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 304(ஏ) பிரிவு கவனக்குறைவான செயலால் நேரும் மரணத்தைத்தான் தண்டித்தது. சாலையின் மீது வழக்குப் பதிய அதில் இடமில்லை. 2022இல் நாடு முழுவதும் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் ஏறத்தாழ 71 விழுக்காட்டினரின் சாவுக்கு அதிவேகமே காரணம் என்று மத்திய அமைச்சகத்தின் அறிக்கை கூறுகிறது. வேகம் கொல்கிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்தக் கணக்கு எங்கிருந்து தொடங்குகிறது என்பதை அந்த மர பெஞ்சில் உட்கார்ந்து பார்த்த பிறகு, குற்றம் முழுவதும் ஓட்டுநருடையது என்றால் தீர்வும் ஓட்டுநருக்குப் புத்தி சொல்வதுதான் என்று நாங்கள் ஏன் முடிவு கட்டினோம் என்பது எனக்கு விளங்கியது.

கட்டுகளில் எனக்கு உதவியது முதல் தகவல் அறிக்கை அன்று. அதன் பின்னால் தைத்திருந்த பார்வை மகஜரும் (விபத்து நடந்த இடத்தைப் பார்த்துப் போலீசார் எழுதும் குறிப்பு) மாதிரி வரைபடமும்தான். தலைமைக் காவலர் ஒருவர் பேனாவால் இழுத்த இரண்டு கோடுகள், நடுவே ஒரு பட்டை, அம்புக்குறி, ‘மேற்படி டீக்கடை’. வெவ்வேறு ஆண்டுகளின் வரைபடங்களில் அதே டீக்கடை மீண்டும் மீண்டும் வந்தது. நேரம் ஏறக்குறைய எப்போதும் பொழுது சாய்ந்து இரண்டு மணி நேரத்துக்குள். இறந்தவர்கள் அனைவரும் நடந்து சாலையைக் கடந்தவர்கள்.

மறுநாள் மாலை அங்கே போய் நின்றேன். சென்டர் மீடியனில் அரளி ஆளுயரத்துக்கு வளர்ந்து பூத்திருந்தது. ஊர்க்காரர்கள் நடந்து நடந்து அதில் ஓராள் நுழையும் அளவுக்கு ஒரு சந்து விழுந்திருந்தது. அந்தச் சந்திலிருந்து வெளிப்படும் மனிதர், கால் தார்ச்சாலையில் படும்வரை யார் கண்ணுக்கும் தெரிய மாட்டார். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு நொடியில் 28 மீட்டர் கடக்கும். பார்த்து உணர்ந்து பிரேக்கில் கால் வைக்க, சாலைப் பொறியாளர்கள் கணக்கில் கொள்ளும் இரண்டரை நொடிக்குள் வண்டி 70 மீட்டர் வந்துவிடும். தயிர்ப் பானையுடன் எதிர்ப்புறப் பேருந்துக்குப் போய்க்கொண்டிருந்த மூதாட்டியிடம், சற்றுத் தள்ளி இருக்கும் சுரங்கப்பாதை வழியாகப் போகக் கூடாதா என்று கேட்டேன். “அம்புட்டுத் தூரம் சுத்திப் போயி வர்றதுக்குள்ள தயிரு புளிச்சுப் போயிரும் தம்பி” என்று சொல்லிவிட்டுச் சந்துக்குள் நுழைந்தார். அவருக்கு எந்த விழிப்புணர்வுத் துண்டறிக்கையைக் கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

செய்ய வேண்டியவை சிறியவை: அரளியை முழங்கால் உயரத்துக்கு வெட்டுவது, இருபுறமும் விளக்கு, பேருந்து நிறுத்தத்தைச் சுரங்கப்பாதையின் அருகே நகர்த்துவது. செலவு ஒரு பேரணியைவிடச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். ஆனால் நெடுஞ்சாலையில் ஓர் அறக்கட்டளை தன் விருப்பப்படி ஒரு கம்பம்கூட நட முடியாது. அந்த இடம் ‘கரும்புள்ளி’ப் பட்டியலில் இருந்திருந்தால் வேலை விரைவாக நடந்திருக்கும். 500 மீட்டருக்குள் மூன்று ஆண்டுகளில் மரணமோ படுகாயமோ நேர்ந்த ஐந்து விபத்துகள், அல்லது பத்து மரணங்கள் என்பது அதற்கான அளவுகோல். எங்கள் இடத்தில் அந்த எண்ணிக்கைக்கு ஒன்று குறைவாக இருந்தது. அந்த ஒன்று சேரும்வரை காத்திருக்க வேண்டுமா என்று நெடுஞ்சாலை அதிகாரிகளுடனான கூட்டத்தில் சற்றுக் குரலை உயர்த்திவிட்டேன். அது சரியல்ல, எதிரே இருந்த இளம் பொறியாளர் விதியை எழுதியவர் அல்லர். தடையில்லாச் சான்றுக்காக எங்களைவிட அதிகம் அலைந்தவரும் அவரே.

விளக்குகள் எரியத் தொடங்கிய பிறகு வந்தது மின்கட்டணச் சிக்கல். கம்பத்துக்கு நாங்கள் பணம் கொடுத்தோம். மாதாமாதம் யார் கட்டுவது என்பதை எழுதி வாங்கத் தவறியது என் பிழை. ஊராட்சி ஏற்றுக்கொள்ளும்வரை சில வாரங்கள் அங்கே மறுபடி இருட்டாக இருந்தது. அந்த வாரங்களில் அதிகாலைத் தொலைபேசி அழைப்பு எதையும் நான் நிம்மதியாக எடுத்ததில்லை.

பேருந்து நிறுத்தம் இன்னும் நகரவில்லை. அரளியோ ஒவ்வொரு மழைக்கும் தழைத்து எழுந்துவிடுகிறது. இந்த ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் ‘அரளி வெட்டுக் கூலி’ என்று ஓர் இனத்தைச் சேர்த்திருக்கிறேன். அதைப் பாதுகாப்புக் கருவி என்பதா, தோட்டப் பராமரிப்பு என்பதா என்று கணக்காளர் கேட்டு எழுதியிருக்கிறார்.