விதை தின்னிக் கிளியைப் பூசணிக்குப் பழக்கிய ஏழு கிழமை

ஊர்ப் பெயரிலேயே கிளி இருக்கிறது, ஆனாலும் எனக்குத் தெரிந்து கிளிநொச்சியில் எங்கள் பக்கம் மக்காவ் கிளி வளர்க்கிற வீடு எங்களுடையது மட்டும்தான். நானும் ஆசைப்பட்டு வாங்கியதில்லை. வெள்ளவத்தையில் இருந்த பெரியம்மாவின் மகனுக்குக் கனடா விசா வந்தது. தளபாடம் எல்லாம் விற்றார், கிளியை மட்டும் விற்க மனம் வரவில்லை. "தம்பி, நீ காணியும் மரமுமா இருக்கிறாய், இவனை நீயே வச்சிரு" என்று சொல்லிக் கூட்டோடும் ஐந்து கிலோ சூரியகாந்தி விதையோடும் ஏற்றி அனுப்பிவிட்டார்.

மக்காவ் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டுப் பார்க்க வந்த சனத்துக்கெல்லாம் ஏமாற்றம். நீலமும் மஞ்சளுமாகப் பெரிய வாலோடு ஒன்றை எதிர்பார்த்து வந்தவர்கள், "உது எங்கட பச்சைக்கிளிதானே" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இது ஹான்ஸ் மக்காவ், மக்காவ் இனத்திலேயே ஆகச் சிறியது. தலையிலிருந்து வால் நுனி வரை ஓர் அடிதான், நிறை 150 கிராம் சொச்சம். கறுத்தச் சொண்டு, கண்ணைச் சுற்றி மயிரில்லாத வெள்ளைத் தோல், நெற்றியில் கொஞ்சம் நீலம், செட்டையைத் தூக்கினால் அடியில் சிவப்பு. தென்னமெரிக்காவின் வடபகுதியில், பனை போன்ற மரங்கள் நிற்கிற புல்வெளிகளில் இருக்கிற சாதி, கூடு வைப்பதும் அந்த மரங்களின் பொந்துகளில்தான். ஷெல் அடியில் தலை போன எங்கள் மொட்டைப் பனைகளின் பொந்துகளில் பச்சைக்கிளி குஞ்சு பொரிப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான், அதனால் இவன் அவ்வளவு அந்நியமாகத் தெரியவில்லை. பேச்சுத்தான் கொழும்புப் பேச்சு. விடிந்தால் "மொக்கத, மொக்கத" (என்ன, என்ன) என்று சிங்களத்தில் விசாரிப்பான். அம்மா குசினிக்குள் இருந்து "ஒண்டுமில்லையடா" என்பா.

அவனுக்கு எட்டு வயது. அந்த எட்டு வருடமும் சூரியகாந்தி விதையைத் தவிர வேறொன்றும் தின்றதில்லை என்பது வந்த பிறகுதான் தெரிந்தது. இறகு மங்கிப்போய், சொண்டு செதிள் செதிளாக உரிந்து, ஒரு நாளைக்குப் பத்துத் தரம் தும்மினான். தெரிந்த மிருக வைத்தியர் ஒருவருக்குப் போன் எடுத்தேன். மாடு, ஆடு பார்க்கிற மனுசன், ஆனால் சொன்னது சரியாக இருந்தது: அந்தப் பருப்பில் பாதி கொழுப்பு, விற்றமின் ஏ இல்லை என்றே சொல்லலாம், கல்சியமும் குறைவு. மாற்றத்தான் வேணும், ஆனால் பட்டினி போட்டு மாற்றக்கூடாது. பழகாத சாப்பாட்டைச் சாப்பாடு என்றே இந்தப் பறவைகளுக்குத் தெரியாது, கிண்ணம் நிறைய இருக்கப் பசியில் செத்துப்போகும். "நிறையைப் பார்த்துப் பார்த்துச் செய்யுங்கோ" என்றார்.

சந்தையடியில் ஒரு சின்ன டிஜிற்றல் தராசு வாங்கினேன், கேக் அடிக்கிறவர்கள் பாவிப்பது. அதன் மேல் ஒரு பால்மா ரின், ரின்னின் மேல் கொய்யாத் தடி. காலையில் முதல் எச்சம் போட்ட பிறகு, ஒன்றும் தின்ன முதல் நிறுக்க வேண்டும், அப்போதுதான் ஒரு நாளை இன்னொரு நாளோடு ஒப்பிடலாம். முதல் நாள் 162 கிராம். பத்தில் ஒரு பங்கு குறைந்தால் ஆபத்து என்பதால் 146ஐச் சிவப்புப் பேனையால் கலண்டரில் எழுதி வைத்துக்கொண்டேன். அதோடு எச்சத்தையும் பார்க்க வேண்டும். சின்னதாக, கரும்பச்சையாக வந்தால் வயிற்றுக்குள் ஒன்றும் போகவில்லை என்று அர்த்தம்.

முறை என்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. காலைப் பசியில் ஒன்றரை மணித்தியாலம் புதுச் சாப்பாடு மட்டும், பிறகு அளந்த விதை, பின்னேரம் திரும்பவும் அதே மாதிரி. அவித்த பூசணி, கரட், முருங்கை இலை, முளைவிட்ட பயறு, பிஞ்சுச் சோளம். முதல் கிழமை முழுக்க எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக் கூட்டுக்கு வெளியே எறிந்தான், கோழிகள் வந்து கீழே காவல் நின்றன. 157, 154, 151. பத்தாம் நாள் 149. அன்று எனக்குக் கை நடுங்கிவிட்டது. பேராதனை மிருக வைத்திய போதனா மருத்துவமனைக்குக் கொண்டு போவதென்றாலும் ஏ-9 வீதியால் கண்டி மட்டும் ஓட வேண்டும், அதுவரை தாங்குமா? பேசாமல் விதைக் கிண்ணத்தை நிரப்பி வைத்துவிட்டு இரண்டு நாள் ஒன்றும் செய்யாமல் இருந்தேன். இப்போது யாராவது கேட்டால் அந்த இரண்டு நாளையும் கட்டாயம் சேர்த்துச் சொல்வேன், வீம்புக்கு நின்றிருந்தால் ஆளை இழந்திருப்பேன்.

திருப்பம் வந்தது கொச்சி மிளகாயால். அம்மா சம்பலுக்கு ஆய்ந்து வைத்ததில் ஒன்றைப் பறித்துக்கொண்டு போனான். ஐயோ என்று ஓடினேன், அவனோ உள்ளே இருக்கிற விதையை ஒவ்வொன்றாக எடுத்துச் சாவகாசமாக மென்றான். பறவைகளுக்கு உறைப்புத் தெரியாதாம், பிறகுதான் வாசித்தேன். அடுத்த நாளே கொஞ்சம் பெரிய பச்சை மிளகாயைக் கீறி உள்ளே பூசணி மசியலை அடைத்துக் கொடுத்தேன். விதைக்கு ஆசைப்பட்டுப் பூசணியும் வாய்க்குள் போனது.

இரண்டாவது தந்திரம் கூட இருந்து சாப்பிடுவது. கூட்டமாக வாழ்கிற சாதி, மற்றவர் தின்பதைப் பார்த்தால் தானும் தின்னும். அதனால் காலை ஆறரைக்கு நான் உப்பில்லாத பயறும் உப்பில்லாத பூசணியும் ஒரு கோப்பையில் போட்டுக்கொண்டு அவன் முன்னால் இருப்பேன். நடிக்க ஏலாது, உண்மையாகவே விழுங்க வேண்டும், இவர்கள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நாலாம் கிழமை என் தோளுக்கு வந்து, என் கோப்பைக்குள் தலையை விட்டு, ஒரு பயறை எடுத்து, அதை எறியாமல் தின்றான். அந்த நேரத்தில் அவன் சொண்டால் கையைப் பிடித்தால் இழுக்கக்கூடாது. அது அவனுக்கு இன்னொரு கை, ஏறுவதற்கு முதல் கிளை உறுதியா என்று பார்க்கிறான். வெடுக்கென்று இழுத்தால்தான் கடி. எனக்கு இது விளங்க மூன்று விரல் போனது.

பிறகு ஒரு மர்மம். ஐந்தாம் கிழமை விதையைப் பாதியாகக் குறைத்தேன், நிறை கூடியது. 155, 158, 161. தராசு பழுதோ என்று ஒரு கிலோ சீனிப் பக்கற்றை வைத்துப் பார்த்தேன், சரியாகத்தான் காட்டியது. ஒரு நாள் பின்னேரம் வேலையால் வேளைக்கு வந்தால், அம்மா விறாந்தையில் இருந்து கச்சான் உடைத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறா, ஒன்று அவவுக்கு, ஒன்று அவனுக்கு. "பிள்ளை வாடிப் போச்செடா, நீ இலையும் குழையும் போட்டுக் கொல்லுறாய்." கச்சானும் கொழுப்புத்தான், பூஞ்சணம் பிடித்திருந்தால் ஈரலுக்கும் கேடு என்று சொல்லிப் பார்த்தேன். கடைசியில் நாளுக்கு ஒன்று, அதுவும் வறுத்தது, உப்பில்லாமல் என்று உடன்படிக்கை ஆனது.

மற்ற மாற்றங்கள் சுலபம். நுளம்புத்திரி அவன் இருக்கிற அறையில் இல்லை. ஒட்டாத சட்டி அளவுக்கு மிஞ்சிச் சூடானால் வருகிற ஆவி பறவையை நிமிடங்களில் கொல்லும், நல்லவேளை அம்மா மண்சட்டிக்காரி. அவகாடோவும் சொக்கிளேற்றும் கிட்டவே போகக்கூடாது. தகரக் கூரை என்பதால் மத்தியானம் செட்டையை விரித்து வாயைத் திறந்து மூச்சு வாங்கத் தொடங்கினால் வேப்பமரத்தடிக்குக் கூட்டை நகர்த்திக் கிணற்றுத் தண்ணீரைத் தெளிப்பேன். இரவில் மரநாயும் சாரைப்பாம்பும் வரும், ஆகவே பொழுதுபட்டால் உள்ளே, மேலே சாரம் ஒன்றைப் போர்த்திவிட்டால் விடியும் மட்டும் நித்திரை. விளையாட்டுச் சாமானுக்குக் காசு செலவில்லை, சூப்பிக் காய்ந்த பனங்கொட்டைத் தும்பைப் பிய்த்தெடுக்க அவனுக்கு இரண்டு நாள் வேணும்.

ஏழாம் கிழமை முடிய 155இல் நின்றது, இப்போதும் அதைச் சுற்றித்தான் நிற்கிறது. தும்மல் குறைந்துவிட்டது. இறகைப் பற்றி இன்னும் ஒன்றும் சொல்ல ஏலாது, அடுத்த இறகுதிர்ப்பு முடிந்துதான் புதுசு வரும். பெலற் தீனி (சத்துச் சேர்த்துச் சின்ன உருண்டையாக்கிய கிளித் தீனி) கொழும்பிலிருந்து பஸ்ஸில் எடுப்பிக்கிறேன், விலை கூட, அதனால் தூளாக்கிப் பூசணியில் தூவுவதோடு சரி.

மிஞ்சிய சூரியகாந்தி விதையை அம்மா கோழிகளுக்குப் போட்டா. அதில் ஒன்று கிணற்றடியில் முளைத்து இப்போது ஆள் உயரத்துக்குப் பூத்து நிற்கிறது. கூட்டை அந்தப் பக்கம் வைப்பதில்லை.