புது மாடல் வந்தால் மியூசிக் பிளேயரை மாற்ற வேண்டுமா? மலையில் இருப்பவர்களுக்கு

கொடைக்கானலை அடுத்த பூம்பாறை, மன்னவனூர் பக்கம் போகிறவர்களுக்கும், கோத்தகிரியின் உள்கிராமங்களில் இருப்பவர்களுக்கும் தனி மியூசிக் பிளேயர் இன்னும் தேவைதான். டவர் விட்டுவிட்டு எடுக்கும் இடத்தில் ஆன்லைன் பாட்டு நின்றுநின்று வரும். போனிலேயே பாட்டை ஏற்றிக் கேட்டால், அவசரத்துக்குப் பேச வேண்டிய போனில் சார்ஜ் இருக்காது. ஆனால் அடுத்த மாடல் வந்துவிட்டது என்பதற்காக, நன்றாக ஓடுகிற பிளேயரைத் தள்ளிவிடுவது பெரும்பாலும் வீண் செலவு என்பேன்.

ஆப்பிள் 2015-ல் விட்ட ஆறாம் தலைமுறை ஐபாட் டச்சையும் 2019-ல் விட்ட ஏழாம் தலைமுறையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதே 4 அங்குலத் திரை, அதே 8 மெகாபிக்சல் கேமரா. ஏ8 சிப் போய் ஏ10 வந்தது. 256 ஜிபியும் கிடைத்தது. பாட்டு மட்டும் கேட்பவருக்கு அந்தச் சிப்பால் ஒன்றும் ஆகாது. 2022 மே மாதத்தோடு அந்த வரிசையே நின்றுபோனது.

சில சமயம் புதுசு ஒரு படி இறங்கியும் வரும். சோனி வாக்மேனில் 2018-ல் வந்த ஏ55, எம்பி3 ஓட்டினால் 45 மணி நேரம் தாங்கும் என்று சோனி சொன்னது. அடுத்த வருடம் ஆண்ட்ராய்டோடு வந்த ஏ105-க்குச் சொன்னது 26 மணி நேரம். 2023-ன் ஏ306-ல் அது 36 ஆனது. 45-லிருந்து இறங்கியது, பின்னணியில் ஒரு முழு இயங்குதளமே ஓடுவதற்கான விலை. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறும் மலை ரயிலில் ஏறக்குறைய 5 மணி நேரப் பயணம். அதற்கு எதுவும் போதும். ஆனால் ஐப்பசி மழையில் மரம் விழுந்து இரண்டு நாள் கரண்ட் இல்லாதபோது 45-க்கும் 26-க்கும் உள்ள வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

ஆண்ட்ராய்டு பிளேயர் வாங்கினால் ஆப்பில் டவுன்லோடு செய்து கேட்கலாமே என்பார்கள். ஸ்பாட்டிஃபையில் இறக்கிய பாட்டு தொடர்ந்து ஓட, 30 நாளுக்கு ஒருமுறையாவது இணையத்தில் இணைய வேண்டும். மெமரி கார்டில் கிடக்கும் எம்பி3-க்கோ, தரம் குறையாமல் சுருக்கிய ஃபிளாக் கோப்புக்கோ அந்த நிபந்தனை கிடையாது.

ஒலித்தரத்துக்கு வருவோம். சிடி தரம் என்பது 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ். சுமார் 96 டெசிபல் வீச்சும் 22 கிலோஹெர்ட்ஸ் வரையிலான ஒலியும் அதில் அடங்கிவிடும். மனிதக் காதுக்கு அதுவே தாராளம். புது மாடல் 32 பிட், 384 கிலோஹெர்ட்ஸ் என்று பெட்டியில் போட்டிருந்தால் அதற்காகப் பணம் கொடுக்காதீர்கள். கடையில் ஒப்பிட்டுக் கேட்கும்போது 1 டெசிபல் கூடுதலாக ஒலிப்பதே நல்ல தரம் போலத் தோன்றும். சரியாக ஒப்பிட வேண்டுமானால் ஒரு துளையை இரண்டாகப் பிரிக்கும் ஒய் பின் ஒன்றில் ஹெட்போனை மாட்டியபடியே, 100 ஹெர்ட்ஸ் டோனை ஓட்டி, இன்னொரு முனையில் மல்டிமீட்டரால் ஏசி வோல்ட் அளந்து, இரண்டு பிளேயரையும் 1 சதவீதத்துக்குள் சமமாக வையுங்கள். அதன்பிறகு பாட்டைப் போட்டால் பல "முன்னேற்றங்கள்" காணாமல் போகும்.

மாற்றவே வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பிளேயரின் வெளியீட்டு மின்மறுப்பு (ஹெட்போன் துளையில் மின்னோட்டத்துக்கு இருக்கும் தடை, ஓமில் அளப்பது) ஹெட்போனுடையதில் எட்டில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும். 16 ஓம் இயர்போனுக்கு 2 ஓம். பழைய பிளேயரில் அது அதிகமாக இருந்தால், பல டிரைவர் (ஒலி எழுப்பும் குட்டி ஸ்பீக்கர்) கொண்ட இயர்போனில் பாஸும் டிரெபிளும் சமநிலை இழக்கும். அது நியாயமான காரணம். தனி வடிவ சார்ஜர் கேபிள் எங்கும் கிடைக்காமல் போவதும், உள்ளே மாற்றவே முடியாதபடி மெமரி செத்துப்போவதும் அப்படித்தான். புளூடூத் 4.2 போய் 5.0 வந்தது மட்டும் காரணமாகாது. ஒலியைத் தீர்மானிப்பது புளூடூத்தில் அனுப்ப ஒலியைச் சுருக்கும் முறையான கோடெக்தான்: எஸ்பிசி, ஏஏசி, எல்டாக் போன்றவை.

இடம் போதவில்லை என்றால் கார்டு மாற்றினால் போதும். 32 ஜிபிதான் ஏற்கும் என்று எழுதியிருக்கும் பழைய பிளேயர்கள் பலவும், 64 அல்லது 128 ஜிபி கார்டை ஃபேட்32 என்ற பழைய கோப்பு முறையில் ஃபார்மட் செய்தால் படித்துவிடும். புதுக் கார்டு எக்ஸ்ஃபேட் என்ற வேறு கோப்பு முறையில் வருவதால்தான் "கார்டு இல்லை" என்று காட்டுகிறது. விண்டோஸின் வழக்கமான ஃபார்மட் சாளரம் 32 ஜிபிக்கு மேல் ஃபேட்32 தராது. அதற்கென்று இருக்கும் இலவச மென்பொருளைப் பயன்படுத்துங்கள்.

மலையில் பலர் பிளேயரை மாற்றுவது பேட்டரி போய்விட்டது என்று நினைத்து. ஊட்டி பக்கத்துத் தலைக்குந்தாவில் உறைபனி விழும் மார்கழிக் காலையில் 30 சதவீதத்திலேயே அணைந்தால் பேட்டரி செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. குளிரில் லித்தியம் செல்லின் உள்மின்தடை கூடி, வோல்டேஜ் சரிந்து, பிளேயர் தானாக அணைகிறது. ஸ்வெட்டருக்குள் வைத்துச் சூடாக்கினால் மறுபடி ஓடும். 20 டிகிரிக்கு மேல் உள்ள அறையில் முழுச் சார்ஜ் போட்டு ஓடவிட்டுப் பார்த்த பிறகே முடிவெடுங்கள். 0 டிகிரிக்குக் கீழே மட்டும் சார்ஜ் போடாதீர்கள். உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து, கொள்ளளவு நிரந்தரமாகக் குறையும்.

நிஜமாகவே தேய்ந்திருந்தால் பேட்டரி செல்லை மட்டும் மாற்றலாம். செல்லின் மேல் அச்சிட்டிருக்கும் ஆறு இலக்க எண்தான் அளவு: 383450 என்றால் 3.8 மிமீ தடிப்பு, 34 அகலம், 50 நீளம். வயர் இரண்டா மூன்றா என்று எண்ணுங்கள். மூன்றாவது பெரும்பாலும் வெப்பம் அறிய. வயர் நிறத்தை நம்பாமல் பிளஸ், மைனஸை மீட்டரில் பாருங்கள். சார்ஜை 25 சதவீதத்துக்குக் கீழே இறக்கிவிட்டு, பழைய செல்லைப் பிளாஸ்டிக் தகட்டால் நெம்பி எடுங்கள். உலோகம் குத்தினால் தீப்பிடிக்கும்.

ஹார்டு டிஸ்க் உள்ள பழைய ஐபாட் கிளாசிக் உயரத்தில் கெடுமா என்ற பயம் வேண்டாம். ஆப்பிள் கொடுத்த வரம்பு 3,000 மீட்டர்; தொட்டபெட்டாவே 2,637தான்.

ஈரம்தான் உண்மையான எதிரி. இரவெல்லாம் காரில் கிடந்து சில்லிட்ட பிளேயரை அடுப்பெரியும் சமையலறைக்குள் அப்படியே கொண்டுவந்தால் உள்ளே நீர் கோக்கும். ஜிப் கவரில் மூடியபடி அரைமணி நேரம் விட்டுப் பிறகு எடுங்கள். ஹெட்போன் துளையில் கரகரவென்று சத்தம் வந்தால், பிளேயரை அணைத்து, 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட மெல்லிய பஞ்சுக்குச்சியால் சுற்றித் துடைத்துக் காயவிடுங்கள். அதற்கும் போகவில்லை என்றால் ஜாக்கின் சால்டர் விட்டிருக்கும். செல்போன் ரிப்பேர் கடையிலேயே மறுபடி பற்றவைத்துக் கொடுப்பார்கள்.