நம்பி மலையும் குளுக்கோஸ் பொடியும்

திருநெல்வேலிப் பக்கம் ஒருத்தர் "நடக்கப் போறேன்" என்று சொன்னால் அடுத்த கேள்வி "திருச்செந்தூருக்கா?" என்பதுதான். மார்கழியிலும் தையிலும் பச்சை வேட்டியோடு சாலையோரம் நடந்து போகிறவர்களைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். அதனால், இன்சுலின் போட்டுக்கொள்ளும் பிள்ளைகளுக்குப் பணம் சேர்க்க நம்பி மலைக்கு நடக்கப் போகிறோம் என்று நான் சொன்னதும், என் பெரியம்மை "யாருக்குட்டீ நேந்துக்கிட்டே?" என்று கேட்டாள். நேர்ச்சை இல்லை, நான் நடப்பதை வைத்து ஆட்கள் பணம் கொடுப்பார்கள், அது பிள்ளைகளுக்குப் போகும் என்று விளக்கினேன். "நீ நடந்தா அவுகளுக்கு எப்படிச் சொகமாவும்?" என்றாள். நியாயமான கேள்வி. பதில் தெரியாமல் நான் முழிக்கும்போதே ஐந்நூறு ரூபாயைச் சுருட்டிக் கையில் வைத்துவிட்டாள். மதினி ஒருத்தி கூகுள் பேயில் அனுப்பிவிட்டு, "எனக்கும் சேத்துக் கும்புட்டுக்கோ" என்று குரல் செய்தி போட்டாள். மற்ற ஊர்களில் இந்த மாதிரி நடைகளுக்குத் துண்டறிக்கை அடித்துப் புரியவைக்க வேண்டியிருக்கும். எங்கள் ஊரில் நடை என்றாலே காணிக்கை உண்டு, அந்த வகையில் வேலை பாதி குறைந்தது.

நடத்தியவர்கள் பெரிய அமைப்பெல்லாம் இல்லை. முதல் வகைச் சர்க்கரை நோய் உள்ள பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள் சிலர், ஒரு டாக்டர் அம்மா, ஒரு வாட்ஸ்அப் குரூப், அவ்வளவுதான். என்னோடு வேலை பார்க்கும் ஒருவரின் மகள் அந்தக் கூட்டத்தில் இருக்கிறாள், அப்படித்தான் நான் உள்ளே வந்தேன்.

பெரியவர்களுக்கு வருகிற சர்க்கரை நோய் வேறு, இது வேறு. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிறது. மிட்டாய் தின்றதால் வருவதில்லை, மாத்திரையிலும் கட்டுப்படாது. வெளியிலிருந்து ஊசி வழியாக இன்சுலின் போனால்தான் பிள்ளை உயிரோடு இருக்கும். 1921-இல் டொராண்டோவில் பான்டிங்கும் பெஸ்ட்டும் இன்சுலினைப் பிரித்தெடுப்பதற்கு முன்பு இந்த நோய் வந்த பிள்ளைகள் அதிக நாள் பிழைத்ததில்லை. 1922 ஜனவரியில் முதன்முதலாக ஊசி போடப்பட்டவன் லெனார்ட் தாம்சன் என்கிற 14 வயதுப் பையன். இதெல்லாம் தெரிந்தும், வீட்டுக்கு வருகிற உறவுக்காரர்கள் "சின்னதுல ரொம்ப முட்டாயி வாங்கிக் குடுத்தியளோ?" என்று கேட்பதைத் தாய்மார்கள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். இதை ஒட்டுவாரொட்டி என்று நினைத்துத் தன் பிள்ளையைத் தள்ளி உட்காரச் சொன்னவர்களைப் பற்றியும் ஒரு அம்மா சொன்னார்.

சேர்ந்த பணம் எதற்கு என்பதில் குழு தெளிவாக இருந்தது. அரசு மருத்துவமனையில் இன்சுலின் இலவசமாகக் கிடைக்கிறது. வீட்டில் விரலைக் குத்தி ரத்தத்தில் சர்க்கரை பார்க்கிற ஸ்ட்ரிப்தான் கையைக் கடிக்கிறது. ஒன்று ஏறத்தாழ இருபது ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு நாலு தடவையாவது பார்க்க வேண்டும். மாசத்துக்கு 2,400 ரூபாய் ஆகிறது. கூலி வேலைக்குப் போகிற வீட்டில் நாலு தடவை இரண்டாகும், இரண்டு ஒன்றாகும், அப்புறம் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக் குத்துமதிப்பாக ஊசி போடுவார்கள். உதவ வருகிறவர்கள் பெரும்பாலும் அந்த ஸ்ட்ரிப்பைச் செருகி அளவு பார்க்கிற மீட்டரைத்தான் வாங்கித் தருகிறார்கள். படம் எடுக்க மீட்டர் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு கம்பெனி ஸ்ட்ரிப் இன்னொரு கம்பெனி மீட்டரில் ஓடாது. ஸ்ட்ரிப் இல்லாத மீட்டர்கள் பல வீட்டு அலமாரியில் தூங்குகின்றன. எனக்குக் கேட்டால், தர்மம் செய்கிறவர்கள் தீர்ந்துபோகிற பொருளைத்தான் முதலில் வாங்கித் தர வேண்டும்.

சரி, மலைக்கு வருவோம்.

பொங்கல் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. பாளையங்கோட்டையிலிருந்து இருட்டோடு வேன் கிளம்பி நாங்குநேரி, ஏர்வாடி வழியாகத் திருக்குறுங்குடி போனது. ஏர்வாடி தாண்டினால் இருபுறமும் வாழை, அதற்குப் பின்னால் மகேந்திரகிரி. மலைக்கு அந்தப் பக்கம்தான் இஸ்ரோ ராக்கெட் எஞ்சின்களைச் சோதிக்கிற இடம் இருக்கிறது என்று சொன்னதும், பையன்கள் வழியெல்லாம் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்துக்கொண்டே வந்தார்கள். கேட்கவில்லை.

காலைச் சாப்பாடு இட்லியும் சாம்பாரும். எண்ணிக்கை வைத்துத்தான் சாப்பாடு, எண்ணிக்கை வைத்துத்தான் ஊசி. அன்று டாக்டர் அம்மா ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டு, இன்சுலினில் எத்தனை யூனிட் குறைக்க வேண்டும் என்று தனித்தனியாகச் சொன்னார். நடக்கும்போது தசைகள் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும், வழக்கமான அளவைப் போட்டால் பாதி வழியில் இறங்கிவிடும். தொடையில் போட வேண்டாம், வயிற்றில் போடுங்கள் என்றும் சொன்னார். நடக்கிற காலில் போட்ட மருந்து வேகமாக ஏறுமாம்.

திருக்குறுங்குடியில் பெருமாளுக்கு நம்பி என்று பேர். நம்பிகள் ஐந்து பேர்: நின்ற நம்பி, இருந்த நம்பி, கிடந்த நம்பி, திருப்பாற்கடல் நம்பி, மலைமேல் நம்பி. கடைசியாகச் சொன்னவரைப் பார்க்கத்தான் நடை. ஊர்க் கோயில் வாசலில் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வனத்துறைச் செக்போஸ்ட்டுக்குப் போனோம்.

இது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். 1962-இல் முண்டந்துறையும், சிங்கவால் குரங்குகளுக்காக 1976-இல் களக்காடும் தனித்தனிச் சரணாலயங்களாகி, 1988-இல் இரண்டும் சேர்ந்து காப்பகமானது. 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் மாட்டி இறந்த பிறகு, தமிழ்நாட்டில் கூட்டமாக மலையேறுவதற்கு விதிகள் இறுகிவிட்டன. அனுமதி எழுதி வாங்கி, வழிகாட்டியோடுதான் போக வேண்டும். எங்களோடு இரண்டு வேட்டைத் தடுப்புக் காவலர்கள் வந்தார்கள். ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால்.

செக்போஸ்ட்டில் பையைத் திறந்து பார்த்தார்கள். பிளாஸ்டிக் உள்ளே போகக் கூடாது. எங்கள் பைகளிலோ சிரிஞ்ச், ஸ்ட்ரிப் டப்பா, விரல் குத்துகிற ஊசி, குளுக்கோஸ் பாக்கெட். பணியில் இருந்தவர் ஒவ்வொன்றாகக் கேட்டு, எண்ணி, நோட்டில் எழுதிக்கொண்டார். "போனது அத்தனையும் திரும்பி வரணும்." ஒரு அப்பா பழைய பிஸ்கட் டின் ஒன்றை நீட்டி, உபயோகித்த ஊசியெல்லாம் இதற்குள்தான் என்றார். வீட்டிலும் அப்படித்தான் செய்கிறார்களாம், இல்லாவிட்டால் குப்பை அள்ளுகிறவர் கையில் குத்திவிடும்.

பாதை ஜீப் போகிற பாதைதான், ஆனால் கல் எல்லாம் உடைத்துப் போட்ட கருப்பட்டி மாதிரி துருத்திக்கொண்டு நிற்கிறது. முதல் கொஞ்ச தூரம் வெயில், அப்புறம் மரங்கள் மூடிக்கொள்கின்றன. கருமந்திகள் மேலே இருந்து உறுமின. பழைய யானை லத்தி ஒன்றைக் காவலர் கம்பால் புரட்டி, "இது நாளாச்சு, பயப்படாதிய" என்றார். பயப்படாமல் இருந்த சிலரும் அதற்கப்புறம்தான் பயந்தார்கள். பிள்ளைகள் எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டே இருந்தார்கள். பணம் திரட்ட நடக்கும் பெரியவர்களுக்குத்தான் மூச்சு வாங்கியது. "பைய வாங்கக்கா" என்று காவலர் எனக்காக நின்று நின்று வந்தார்.

ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற ஒருவன் திடீரென்று பேச்சை நிறுத்தினான். பக்கத்தில் வந்த தம்பி ஏதோ கேட்டதற்கு "சும்மா இருலே" என்று எரிந்து விழுந்தான். நான் அதைக் கோபம் என்று நினைத்துக் கடந்துபோயிருப்பேன். பின்னால் வந்த அவன் அம்மா அந்த ஒரு வார்த்தையைக் கேட்டுவிட்டு ஓடி வந்தார். நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், குளிர்ந்த வேர்வை. விரலைக் குத்தியதும் மீட்டரில் 62. எழுபதுக்குக் கீழே போனால் லோ, அதாவது சர்க்கரை ரொம்ப இறங்கிவிட்டது என்று அர்த்தம்.

இங்கேதான் ஒரு சின்னத் தகராறு. பாதை வளைகிற இடம், இருபக்கமும் புதர். "இங்கன நிக்க வேண்டாம், வளைவு தாண்டினா வெட்டவெளியா இருக்கும், அங்க போயி உக்காருவோம்" என்றார் காவலர். யானை நடமாடுகிற காட்டில் அவர் சொல்வதும் சரிதான். "ஒரு எட்டு எடுத்து வைக்க மாட்டான் அண்ணாச்சி" என்றார் அம்மா. குரலை உயர்த்தவே இல்லை, ஆனால் அதற்குமேல் பேச இடமும் வைக்கவில்லை. காவலர் அவர் முகத்தைப் பார்த்தார், பையனைப் பார்த்தார். தன் ஜோடியை வளைவுக்கு அந்தப் பக்கம் அனுப்பிவிட்டு, இந்தப் பக்கம் தானே போய்க் கம்பை ஊன்றிக்கொண்டு நின்றார்.

குளுக்கோஸ் பொடி மூன்று ஸ்பூன், அதாவது 15 கிராம், தண்ணீரில் கலந்து குடித்தான். அப்புறம் 15 நிமிடம் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு மேலும் மேலும் ஊற்றினால் பிறகு எகிறிவிடும். அந்தக் கால் மணி நேரம் எல்லோரும் கல்லில் உட்கார்ந்திருந்தோம். உண்மையைச் சொன்னால் என் முழங்கால் அவனுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தது. மறுபடி குத்தியபோது 94. இரண்டு பிஸ்கட் தின்றான். தம்பியைப் பார்த்து "என்னலே கேட்ட?" என்றான்.

இந்த இடைவேளையில் ஒரு விவாதமும் நடந்தது. கருப்பட்டி கொடுத்தால் ஆகாதா என்று கேட்டேன். ஆகும், ஆனால் கடித்து மென்று விழுங்க நேரமாகும், தண்ணீரில் கரைத்த குளுக்கோஸ் சட்டென்று ஏறும் என்றார் டாக்டர் அம்மா. "அப்போ அல்வா?" என்று யாரோ கேட்க, சிரிப்பு அடங்கவில்லை. அல்வாவில் நெய் அதிகம், கொழுப்பு சர்க்கரையை மெதுவாகத்தான் உள்ளே விடும், அவசரத்துக்கு உதவாது, சாக்லேட்டும் அப்படித்தான் என்று அவர் பொறுமையாகச் சொன்னார். திருநெல்வேலியில் பிறந்து அல்வாவால் ஆகாத காரியமும் உண்டு என்று கேட்கவா காட்டுக்குள் வந்தோம் என்றார் ஒரு அப்பா.

மறுபடி நடக்கத் தொடங்கியதும் காவலர் நம்பாடுவான் கதையைச் சொன்னார். மகேந்திரகிரி அடிவாரத்தில் வாழ்ந்த பாணர் நம்பாடுவான், ஏகாதசி இரவில் நம்பியைப் பாடப் போகும் வழியில் ஒரு பிரம்மராட்சசன் மறித்து, பல நாள் பட்டினி, உன்னைத் தின்னப் போகிறேன் என்கிறான். பாடிவிட்டு வந்துவிடுகிறேன் என்று சத்தியம் செய்துவிட்டுப் போய், கைசிகப் பண்ணில் பாடிவிட்டு, சொன்னபடியே திரும்பி வருகிறார். கடைசியில் அந்தப் பாட்டின் பலனைப் பெற்று ராட்சசனுக்கு விமோசனம். கார்த்திகை மாதத்துக் கைசிக ஏகாதசியில் ஊர்க் கோயிலில் இன்றும் இதை நாடகமாக நடத்துகிறார்கள். நம்பாடுவான் பார்ப்பதற்காகக் கொடிமரமே விலகி நின்றது என்பார்கள், இன்றும் அது சன்னதிக்கு நேராக இல்லை. எல்லோரும் பக்தியோடு கேட்டுக்கொண்டிருக்க, என்னை இழுத்து வந்தவரின் மகள் கேட்டாள்: "அத்தன நாள் பட்டினி கெடந்தானே, ராட்சசனுக்கு லோ ஆகலியா?" காவலர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆயிருக்கும், அதான் அந்தக் கோவம்" என்றார்.

நம்பியாற்றில் தண்ணீர் முழங்காலுக்கு மேல் ஓடியது. மழைக் காலத்தில் திடீரென்று பெருகி, கோயிலுக்குப் போனவர்கள் திரும்ப முடியாமல் மாட்டிக்கொள்வதுண்டு, அதனால்தான் தை மாதம். குளியல், மேலே ஏறி மலை நம்பி தரிசனம். எனக்காக ஒன்று, மதினிக்காக ஒன்று என்று இரண்டு கும்பிடு. தரிசனத்தைப் பற்றி எழுத எனக்கு அதிகம் இல்லை, பசி எடுத்துவிட்டது.

சாப்பாடு கூட்டாஞ்சோறு. கரண்டி அளவு வைத்து யூனிட் கணக்கிட்டு, ஆற்றங்கரையிலேயே பிள்ளைகள் சட்டையைத் தூக்கி வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்தில் கழிப்பறைக்குள் ஒளிந்து போட்டுக்கொள்கிற பிள்ளைகள் இவர்கள். கோயிலுக்கு வந்திருந்த ஒரு ஆச்சி பக்கத்தில் வந்து பார்த்தாள். "பச்சப்புள்ளைக்கா சுகரு?" என்றாள். உச்சுக்கொட்டப் போகிறாள் என்று நினைத்தேன். "எனக்கும் உண்டுட்டீ. நான் ஊசின்னா கண்ண மூடிக்கிடுவேன். நீ பாத்துக்கிட்டே குத்துதியே!" என்று சொல்லிவிட்டு, தன் சேலையை ஒதுக்கிக்கொண்டு அந்தப் பிள்ளையிடமே இடம் மாற்றி மாற்றிப் போடுவது எப்படி என்று பாடம் கேட்க உட்கார்ந்தாள்.

இறங்கும் வழியில் பேச்சு பானையைப் பற்றி. திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். சூட்டிலும் கெடும், ஃப்ரீசருக்குப் பக்கத்தில் வைத்து உறைந்துபோனாலும் கெடும். ஃப்ரிட்ஜ் இல்லாத வீடுகளில், பெரிய பானைக்குள் சின்னப் பானை வைத்து நடுவில் ஈர மணலைப் போட்டு அதற்குள் வைக்கிறார்கள். ஃப்ரிட்ஜ் அளவுக்குக் குளிராது, ஆனால் சித்திரை வெயிலிலிருந்து மருந்தைக் காப்பாற்ற அது போதும். பானை எங்கே வாங்கினீர்கள் என்று ஒருவர் கேட்க, காருகுறிச்சிதான், வேற எங்க என்றார் இன்னொருவர். மண்பாண்டத்துக்கு அந்த ஊரை விட்டால் எங்களுக்கு வேறு ஊர் தெரியாது.

செக்போஸ்ட்டில் நோட்டை எடுத்து ஊசி, ஸ்ட்ரிப் எல்லாவற்றையும் எண்ணினார்கள். கணக்கு சரியாக இருந்தது.

வேன் ஏறும்போது டாக்டர் அம்மா எல்லோரையும் நிறுத்திச் சொன்னார்: இன்று நடந்த நடைக்கு உடம்பு இரவிலும் சர்க்கரையை இழுக்கும், தூக்கத்தில் லோ ஆனால் தெரியாது, ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து ஒரு தடவை பாருங்கள். நான் வீட்டுக்கு வந்து கட்டையாய்ச் சாய்ந்துவிட்டேன். காலையில் குரூப்பைத் திறந்தால் இரவு இரண்டு மணிக்கு வந்த எண்கள் வரிசையாக: 118, 143, 106. ஒன்பதாம் வகுப்புப் பையனின் அம்மா, "81. பால் குடுத்தேன். திட்டிக்கிட்டே குடிச்சான்" என்று போட்டிருந்தார்.

அன்று மாலை பணக் கணக்கும் வந்தது. எந்த வீட்டில் எந்த மீட்டர் இருக்கிறது என்று கேட்டு எழுதி, அதற்கு ஏற்ற ஸ்ட்ரிப்புக்கு ஆர்டர் போட்டுவிட்டார்கள். அடுத்த நடை எங்கே என்று இப்போதே சண்டை தொடங்கிவிட்டது. பெரியவர்கள் மறுபடி நம்பி மலையே போதும் என்கிறார்கள். அந்தப் பையன் அம்மாவின் போனிலிருந்து "செங்கல்தேரி" என்று ஒற்றை வார்த்தை அனுப்பியிருக்கிறான், அது களக்காட்டு மலைக்குள் இருக்கிற இடம். அதற்கு அனுமதி வாங்க யார் அலைவது என்பதில் பேச்சு நிற்கிறது.