ஷில்லாங்கின் ப்ளூஸ்

நேற்று ராத்திரி கொழிஞ்சாம்பாறையில் கரண்ட் இல்லை. திண்ணையில் உட்கார்ந்து போனில் ப்ளூஸ் கேட்டேன், அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் பிறந்த இசை அது. அமெரிக்காவின் கிளார்க்ஸ்டேலில் 1999-இல் பிறந்த ப்ளூஸ் கிட்டார்காரர் கிங்ஃபிஷ் இங்ரமைப் பலருக்கும் தெரியும், 2022-இல் கிராமி வாங்கிவிட்டார். அப்புறம் வந்தது சோல்மேட். நம்ம ஷில்லாங் குழு, 2003-இல் தொடங்கியது. ரூடி வாலாங் கிட்டார், திப்ரிதி கர்பாங்கர் குரல். அவர்களை மேடைப் பதிவில்தான் கேட்க வேண்டும். திப்ரிதி ஒரு வரி பாடி நிறுத்துகிறார். கம்பியை மெல்ல வளைத்து, அந்த வரிக்குக் கிட்டார் பதில் சொல்கிறது. சின்ன உரலில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அம்மாயி கையை நிறுத்திவிட்டார். "ஏங் கண்ணு, இந்தப் புள்ள யாரைத் தொலைச்சுட்டு இப்படிப் பாடுது?"

மறுபடியும் போடச் சொல்லிக் கேட்டார்.

உங்கள் பக்கம் ப்ளூஸ் பாடுகிறவர்கள் இருந்தால் சொல்லுங்கள். பாலக்காடோ கோயமுத்தூரோ, பஸ் ஏறி வந்துவிடுகிறேன்.